அந்த மறதிக்காரச் சகோதரன் யார்?

கர்த்தரை நம்பிக் காத்திருக்கிற எல்லாருக்கும் இராஜபாளையத்திலிருந்து பாக்கியம் எழுதுகிறேன். சாட்சியைத் துதியோடு தொடங்குவதுதான் முறை. நானும் துதிக்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கஷ்டம் அதில்தான் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையின் இஸ்திரி கலையாமல் உட்காரத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கறிக்குழம்பு அவர் கைதான். அடுப்பங்கரைப் பக்கம் என்னை விடமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், ஊர்ப்பிள்ளைகளுக்கே சோறு போட்டவள். ஆனாலும் அவர் குழம்பை நான் குறை சொன்னதில்லை. முந்தின வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு.

“என்னங்க, உப்பு டப்பாவையே கவுத்துட்டீங்களா?” என்றேன்.

“உப்பா? நான் இன்னும் உப்பே போடலியே” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

அன்று சிரித்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் சிரிக்கவில்லை.

சபையில் அவர் மூப்பர். அவருக்கென்று ஒரு சாட்சி உண்டு. எல்லையில் காவலிருந்தபோது பனியில் வழி தவறி, ஒரு கோவேறு கழுதையின் பின்னாலேயே நடந்து முகாமுக்கு வந்து சேர்ந்த கதை. வருடத்துக்கு ஒரு தடவை சொல்லுவார், நன்றாக இருக்கும். திடீரென்று வாராவாரம் சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒரே ஆராதனையில் இரண்டு தடவை சொன்னார். வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் சபையார் கண்ணீர் விட்டார்கள். “மூப்பருக்கு அபிஷேகம் பெருகுதும்மா. நம்ம காதுல ஏறுற வரைக்கும் ஆவியானவர் சொல்ல வைக்கிறாரு” என்று போதகர் ஐயாவே என்னிடம் சொன்னார். அந்தக் கழுதைக்கு மட்டும் வாய் திறந்திருந்தால், ‘போதும், விடுங்கள்’ என்று கெஞ்சியிருக்கும்.

வீட்டில் சாப்பாட்டு ஜெபமும் இதே கதைதான். ஆமென் சொல்லி நான் சோற்றில் கை வைப்பேன், அவர் மறுபடி கண்ணை மூடுவார். ரசம் ஆறிப்போகும். சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தால் அதற்கும் ஒரு ஜெபம். “இப்பதான ஜெபிச்சீங்க!” “இப்பதான சொன்னேன்!” காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசியதெல்லாம் இதுதான். நான் கத்தக் கத்த அவர் முகம் சுருங்கிப்போகும். பிறகு நான் உள்ளே போய் அழுவேன்.

அதோடு நிற்கவில்லை. மத்தியானம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, “மம்சாபுரம் போயிட்டு வாரேன், அம்மா தேடுவா” என்று கிளம்பிவிடுவார். மம்சாபுரம் அவர் பிறந்த ஊர். என் மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. யாராவது தெரிந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துத் திருப்பி அழைத்து வருவார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தானியேல் போனில் சொன்னான்: “அம்மா, வெளிக்கேட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கோ. முடியலன்னா சொல்லு, கோயமுத்தூர்ல ஒரு ஹோம் விசாரிச்சு வச்சிருக்கேன்.” அவன் பாசமில்லாத பிள்ளை இல்லை. பயந்துபோன பிள்ளை.

பங்குனி வெயிலில் ஒருநாள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது இவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். “தம்பி, என்னைய எதுக்கு அடச்சி வச்சிருக்காங்கன்னு தெரியல. விசாரணை என்னைக்குன்னு கேட்டுச் சொல்லுவீங்களா? நான் ஒரு தப்பும் செய்யல.”

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் பையைக் கீழே போட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தேன். இவரோ என்னைக் கண்டதும் விறைப்பாக நின்று, “நீங்கதான் மாஜிஸ்திரேட்டா மேடம்?” என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் உருப்படியாக ஜெபித்தேன். அதுவரை குணமாக்கும், குணமாக்கும் என்று சும்மா அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்று அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன். “ஆண்டவரே, இந்த மனுஷனை நான் பூட்டி வைக்கமாட்டேன். எங்கேயும் அனுப்பவும் மாட்டேன். பூட்டாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி காட்டும்.” இந்த ஜெபத்துக்குத்தான் பதில் வந்தது. வந்த பாதை மட்டும் கொஞ்சம் கோணல்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பாரம் உள்ளவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தால் பெயரை விட்டுவிடலாம். ‘ஒரு சகோதரி’, ‘ஒரு சகோதரன்’ என்றால் போதும். ஆண்டவருக்கு விலாசம் தெரியும். அப்படி வருகிற விண்ணப்பங்களுக்காக மன்றாடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்கு மறதி என்று வெளியில் தெரிந்தால் அந்தப் பொறுப்பை வாங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சீருடையைக் கழற்றிய மனுஷனுக்கு அது ஒன்றுதான் மிச்சம். அதனால் நான் எழுந்து, “எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரனுக்கு மறதி வியாதி. குடும்பம் ரொம்பக் கஷ்டப்படுது. பேர் சொல்ல விருப்பமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இவர் முழங்காலிட்டார். அப்படி ஒரு ஜெபத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. “ஆண்டவரே, அந்தச் சகோதரன் தன் வீட்டுக்கு வழி தெரியாம நிக்கானே! பனியில மாட்டுன மாதிரி தவிக்கானே! அவன் பொஞ்சாதி என்ன பாடு படுதாளோ! எரக்கம் வையும்!” என்று நெஞ்சில் அடித்து அழுதார். சபையே அழுதது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எல்லாவற்றையும் மறக்கிற மனுஷனுக்கு இது மட்டும் மறக்கவில்லை. அந்தச் சகோதரனைக் கண்டுபிடித்து ஆறுதல் சொல்லாமல் ஓய்வதில்லை என்று கிளம்பிவிட்டார். சபையார் வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, ஆண்களின் தோளில் கை வைத்து, “வெக்கப்படாதீங்க தம்பி. அந்த மறதிக்காரச் சகோதரன் நீங்கதான?” என்று கேட்டார்.

சபை கலங்கிவிட்டது. மூப்பரே வந்து கேட்கிறார் என்றால் அவருக்கு மேலேயிருந்து ஏதோ வெளிப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பொருளாளர் எபநேசர் அண்ணாச்சி வீட்டுக்கு இவர் போனார், போனதை மறந்து மறுபடியும் போனார், மறுநாளும் போனார். திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்குப் போனால் என்ன அர்த்தம்? அவர் மனைவி செல்வராணி அன்றிலிருந்து தினமும், “நம்ம கல்யாண நாள் என்னைக்கு, சொல்லுங்க பாப்போம்?” என்று சோதிக்க ஆரம்பித்தாள். அண்ணாச்சிக்கு அது நல்ல காலத்திலேயே தெரியாது. அந்த ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்தார். யாரும் கேட்காமலேயே தன் பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பித்தார். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு” என்று சொல்லி உட்கார்ந்தார். சபையாருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

போதகர் ஐயா பிரசங்கத்தில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால்கூட ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் காரணமான நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சோர்ந்துபோய் வந்தார். “அவன் இன்னும் அகப்படலட்டி. அவன் பொஞ்சாதியவாவது பாத்தா ஒரு வார்த்த சொல்லணும்” என்றார்.

“என்ன சொல்லுவீங்க?”

“கத்தாத தாயி, அவனுக்கு வலிக்கும்னு சொல்லுவேன். ஆனா நீயும் பாவந்தான்னு சொல்லுவேன்.”

அன்று இரண்டாம் தடவை சாப்பாட்டு ஜெபம் செய்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே விழுந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளுவார். ராணுவ ஒழுங்கு என்று நான் தலையிடுவதில்லை. அன்று காலை மாத்திரையைப் போட்டார். போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். அதன்பின் சாப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டார். வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, வாசலிலேயே சரிந்தார். ஆட்டோவில் போட்டு எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார். கண் திறந்தார். திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“டாக்டரம்மா, எங்க சபையில ஒரு மறதிக்காரச் சகோதரன் இருக்கான். ஒங்ககிட்ட வைத்தியத்துக்கு வாரானா?”

“எந்தச் சகோதரன்?” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை. பக்கத்து அறையில் வைத்து, உப்பிலிருந்து பூட்டு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழுவதும் கேட்டார். “இன்னைக்குச் சோதிச்சுப் பாக்கக் கூடாதும்மா. சர்க்கரை எறங்குன மூளை சரியா பதில் சொல்லாது. நல்லா தெளிஞ்ச பொறவு கூட்டிட்டு வாங்க. மாத்திரை டப்பா இன்னையிலேர்ந்து ஒங்க கையில” என்றார்.

இந்த டாக்டரம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்கு. தானியேல் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மறுபடி போனபோது, முதலில் என்னிடம் தனியாக எல்லாம் விசாரித்தார். எப்போது தொடங்கியது, எந்த வேலை முடிகிறது, எது முடியவில்லை, தூக்கம் எப்படி, காது எப்படி, மனது சோர்ந்திருக்கிறாரா என்று. பிறகு அவரை உட்காரவைத்தார்.

“ஹவில்தார் சார், இன்னைக்கு என்ன கெழமை?”

“ரிட்டயர்டு ஆனவனுக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான், டாக்டரம்மா.”

“சரி, என்ன மாசம்?”

“அடிக்கிற வெயிலப் பாத்தா தெரியலியா?”

நான் பக்கத்திலிருந்து “மே” என்று வாயசைத்தேன். “ஊருகோண்டி!” என்று அதட்டினார் டாக்டரம்மா. சும்மா இருங்கள் என்று அர்த்தம். “சத்துணவுக் கூடத்துல புள்ளைகளுக்குப் பரீட்சையும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?”

பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். காவல் மாறும் நேரம் ஒரு நிமிஷம் பிசகாத மனுஷன் இவர். வட்டம் அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் வலது பக்கமாக நெருக்கி எழுதினார். இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சென்ட்ரி எல்லாம் ஒரே பக்கம் நிக்கானுவ, டாக்டரம்மா. இந்தப் பக்கம் ஆளே இல்ல” என்றார். அதுவரை கேலி பேசிய குரல் இல்லை அது. எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது.

மறதி என்றதும் பெரிய வியாதி என்று முடிவு கட்டக்கூடாது என்று சொல்லி, தைராய்டு, பி12 என்று ரத்தத்தில் என்னென்னவோ பார்த்தார். பி12 சத்து குறைவாக இருந்தது. வருடக்கணக்காகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையால்கூட அப்படி ஆகலாம் என்றார். தூக்கம் வருவதற்காக இவர் மருந்துக்கடையில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த சளி மாத்திரை புத்தியைக் குழப்பும் என்று நிறுத்தினார். காதிலிருந்த அழுக்கை எடுத்தார். ஊசி போட ஆரம்பித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. கிழமை சொன்னார். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. குணமடைந்த சாட்சியை நான் மனதுக்குள் எழுதி முடித்து, எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சொல்வது என்பதுவரை தீர்மானித்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை அவர் ஷூவைத் தேடினால் ஃபிரிட்ஜில் இருந்தது. காய்கறித் தட்டில், ஜோடியாக, பாலிஷ் போட்டு.

மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்து வந்தோம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். “ஹவில்தார் சார், ஒங்ககிட்டயே நேரா சொல்லிடுதேன். இது மறதி நோய். வயசானா வர்ற சாதாரண மறதி இல்ல. முழுசா குணமாக்குற மருந்து இன்னும் வரல. கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்க ஒரு மாத்திரை இருக்கு, எல்லாருக்கும் கேக்காது, குடுத்துப் பாப்போம். ஆனா ஒங்கள நல்லா வச்சிக்கலாம். நான் இருக்கேன்.”

இவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி பாக்கியம், அப்ப அந்தச் சகோதரன் நாந்தானா?”

தலையை ஆட்டினேன்.

“அம்புட்டு ஜெபமும் எனக்கா?” விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “நல்லவேள, கொறை வைக்காம ஜெபிச்சிருக்கேன்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பிறகு என் மனதிலிருந்ததைக் கேட்டேன். “டாக்டரம்மா, இவிய வெளிய போயிருதாக. பூட்டித்தான் வைக்கணுமா?”

“எதுக்கு? ஊரே பாத்துக்கிட்டா வீட்டப் பூட்ட வேண்டாமே. ஆனா ஊருக்குத் தெரியணும்லா? நீங்க பேரையே சொல்லாம ஒளிச்சி வச்சா யாரு பாப்பா?”

நான் கேட்ட வழி இதுதான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மொதல் மாத்திரை ஒங்களுக்குத்தான்” என்றார் டாக்டரம்மா. சர்க்கரை அதிகம் இறங்காத மாத்திரையாக இவருக்கு மாற்றிக் கொடுத்தார். பெயர், நோய், என் போன் நம்பர் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார். வாதாடக்கூடாது என்றார். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றால், அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் புதிதாக அழவைக்காமல், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லச் சொன்னார். அவருக்கு ஏதாவது வேலை கொடுங்கள், சும்மா உட்காரவைக்காதீர்கள் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். “நான் பேர் சொல்லாம கேட்ட சகோதரன் என் வீட்டுக்காரர்தான். பேர் ஞானமுத்து” என்றேன். அப்போது பின்னாலிருந்து எபநேசர் அண்ணாச்சி கூரை அதிரும்படி “ஸ்தோத்திரம்!” என்று கத்தினார். இரக்கத்தினால் இல்லை, விடுதலையினால். செல்வராணி அவரை முழங்கையால் இடித்தாள். போதகர் ஐயா எழுந்து வந்து இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “மூப்பரே ஜெபிக்கட்டும். நான் பக்கத்துல நிக்கேன். ரெண்டாம் தடவ ஆரம்பிச்சா நான் ஆமென் சொல்லிக்கிடுதேன்” என்றார். நான் இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை என்று தெருவில் எல்லாரிடமும் மறுநாளே சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

ஆனாலும் ஆடியில் ஒரு சோதனை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவரைக் காணோம். டீக்கடைக்காரர் ஓடி வந்தார். “அக்கா, சார் வில்லிபுத்தூர் பஸ்ல ஏறிட்டாரு. நான் கூப்பிடக் கூப்பிட பஸ் எடுத்துட்டான்.” மம்சாபுரம் போவதற்கு வில்லிபுத்தூரில் இறங்கித்தான் மாற வேண்டும். அன்றைக்கு அந்த ஊரில் ஜனம், எள் போட்டால் எள் விழாது. போன் செய்ததும் எபநேசர் அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்துவிட்டார். சந்தேகம் நீங்கிய நாளிலிருந்து அவருக்கு எங்கள் மேல் அவ்வளவு பிரியம். பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க ஜெபித்தேன். கண்ணைத் திறந்துகொண்டேதான் ஜெபித்தேன். அண்ணாச்சி ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடும் அளவுக்கு எனக்கு விசுவாசம் இல்லை. “ஆண்டவரே, இன்றைக்கு இவர் கிடைக்காவிட்டால் நானே மறுபடி பூட்டுப் போட வேண்டியதாகிவிடும். என்னை அப்படிச் செய்யவைக்காதேயும்” என்று மன்றாடினேன். ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நின்று, எந்தப் பக்கம் ஓடுவது என்று விளங்காமல் விழித்தபோது என் போன் அடித்தது.

“ஞானமுத்து சார் வீடாம்மா? நான் எஸ்.ஐ. பேசுதேன். சார் எங்ககூட பத்திரமா இருக்காரு. மெதுவா வாங்க.”

கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தோம். ரத வீதி முனையில் என் வீட்டுக்காரர் கழுத்தில் விசில் தொங்க, போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். “ஏலே, கயித்துக்கு அங்கிட்டு நில்லுங்கலே! பொம்பளையாளுக்கு வழி விடு!” என்று அவர் ஒரு கையைத் தூக்கினால் ஜனம் அப்படியே நின்றது. எங்கள் சபையின் மூப்பர், தேருக்குப் பாதுகாப்பு!

எஸ்.ஐ. தலையைச் சொறிந்தார். “வந்து நின்னு சல்யூட் அடிச்சாரும்மா. பெரிய ஆபீசர்னு நானும் அடிச்சிட்டேன். பொறவு பாத்தா ஜனம் எங்க பேச்சக் கேக்கல, இவர் பேச்சக் கேக்குது. தண்ணி குடுத்து, எந்த ஸ்டேஷன் சார்னு கேட்டா ஏதோ பனிமலை பேரச் சொல்லுதாரு. அப்பதான் பையில அட்டையப் பாத்தேன். தேரு இந்த முனை திரும்புற வரைக்கும் சாரக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா. புண்ணியமாப் போகும்.”

தேர் திரும்பும் வரை நானும் அண்ணாச்சியும் ஓரமாக நின்றோம். இவர் வேலை முடித்து வந்து, எனக்கும் ஒரு சல்யூட் அடித்தார். வாயோரத்தில் பால்கோவா ஒட்டியிருந்தது. போலீஸ்காரர்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் சர்க்கரையைப் பார்த்த டாக்டரம்மா, “யாரு குடுத்தா?” என்று கேட்டார். “போலீஸ்” என்றேன். “அப்ப கம்ப்ளைன்ட் குடுக்கவும் முடியாது” என்றார்.

செய்தி கேட்டுத் தானியேல் பெங்களூரிலிருந்து வந்தான். பையில் ஒரு பெரிய பூட்டும் சங்கிலியும். “அப்பாகூட சாயங்காலம் ஒரு நடை போயிட்டு வா. பொறவு பூட்டலாம்” என்றேன். போனார்கள். டீக்கடைக்காரர் எழுந்து, “சார், டூட்டி எப்படி?” என்றாராம். ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையாகச் சல்யூட்டாம். வழியில் இவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியதும் மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து, “சார், அக்கா சாப்பிடக் கூப்பிடுதாக” என்று தோளில் கை போட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டாராம். தானியேல் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னான். ஊருக்குப் போகும்போது பூட்டையும் சங்கிலியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். “என் பைக்கப் பூட்ட ஆகும்மா” என்றான்.

என் வீட்டுக்காரர் குணமாகவில்லை. அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது சாட்சியில்லை. இன்னும் மறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், மறக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் கேட்டதைக் கர்த்தர் தந்தார். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. சபைப் பெண்கள் முறை வைத்து வந்து அவரோடு இருக்கிறார்கள், நான் நிம்மதியாகக் கடைக்குப் போகிறேன். செல்வராணிக்கு அந்தக் கழுதைக் கதை மனப்பாடம். இவர் ஏதாவது விட்டுவிட்டால் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். நானும் மாறிவிட்டேன். “இப்பதான சொன்னேன்” என்ற வார்த்தை என் வாயிலிருந்து போய்விட்டது. சத்தம் முழுதாகப் போகவில்லை, அதற்கு வேறு அற்புதம் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது உப்பைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதை அபிஷேகம் என்றும் நினைக்காதீர்கள், சாபம் என்றும் நினைக்காதீர்கள். முழங்காலில் நில்லுங்கள், எழுந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே விசுவாசம்தான். பெயரைச் சொல்லி ஜெபம் கேளுங்கள். ‘ஒரு சகோதரன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சபையில் பாதி ஆண்பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும். கர்த்தர் மனுஷரைக் கொண்டுதான் பதில் தருகிறார். மனுஷருக்குத் தெரிந்தால்தானே அவர்கள் வர முடியும்.

போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு அசதி. இவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏம்மா, ஏதும் பாரமா? ஜெபிக்கணுமா?”

“ஆமாய்யா” என்றேன்.

“ஒங்க பேரு என்னம்மா?”

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். “பாக்கியம்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நல்ல பேரு. என் வீட்டுக்காரி பேரும் அதுதான். தங்கமானவ. செத்த சத்தம் போடுவா, அம்புட்டுதான்.”

என் தலையில் கை வைத்து, என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை.